மூடப் போகிறார்களாம்!

“ஆலையை மூடப் போகிறார்களாம்!”

1997-ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள். இரவு ஷிப்டின் தேநீர் வேளை. சொன்னவர் யார்? தெரியாது. அவருக்குச் சொன்னவர் யார்? அதுவும் தெரியாது. ஆனால், குவளையில் இருந்த தேநீர் ஆறுவதற்குள், பஞ்சு பிரிக்கும் ப்ளோ ரூமிலிருந்து சிட்டம் போடும் ரீலிங் வரை அந்தச் செய்தி சென்று சேர்ந்துவிட்டது. ஆலையில் நூல் அறுந்தால் ஒட்டிவிட விரல்கள் உண்டு. அன்றிரவு எங்களுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. அதை ஒட்ட எவர் விரலும் நீளவில்லை.

ஆலையின் பெயரை எழுதவில்லை. கோவை மாநகரின் கிழக்கே ஒரு நூற்பாலை, அவ்வளவு போதும். பெயரைச் சொன்னால், ‘ஓ, அந்த ஆலையின் கதையா!’ என்று படிப்போர் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். இது அந்த ஆலையின் கதையன்று. அதில் உழைத்த எங்கள் கதை. முதலாளியைக் குற்றக் கூண்டில் நிறுத்துவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அந்தக் கூண்டில் எங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவே எழுதுகிறோம்.

தமிழில் ‘ஆம்’ என்றொரு சிறு ஒட்டு உண்டு. ‘மூடப் போகிறார்கள்’ என்று ஒருவன் சொன்னால், அதற்கு அவன் பொறுப்பேற்க வேண்டும். ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ‘மூடப் போகிறார்களாம்’ என்று சொல்லிவிட்டாலோ, பொறுப்பு யாருக்கும் இல்லை! காற்றில் வந்தது, காற்றில் போகட்டும் என்று கை கழுவிவிடலாம். புளியமரத்தில் பேய் இருக்கிறதாம், ஆற்றங்கரையில் அருள் வந்ததாம் என்று ஊரை ஆட்டிப் படைத்த கதைகள் அத்தனையும் அந்த ‘ஆம்’ மீது ஏறி வந்தவைதாம்.

அந்தச் செய்திக்கு இரண்டாண்டு முன்பு, 1995 செப்டம்பரில், பிள்ளையார் பால் குடிக்கிறாராம் என்று நாடே கிண்ணத்தோடு வரிசையில் நின்றது. எங்கள் ஆலையிலும் சிலர் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓடினர். எங்களுள் பகுத்தறிவு பேசுவோர் சிலர் இருந்தோம். ‘யார் பார்த்தது? கல் எப்படிக் குடிக்கும்? வழிந்த பால் எங்கே போயிற்று?’ என்று கேட்டோம், சிரித்தோம், வாயிற்கதவருகே நின்று விளக்கமும் சொன்னோம். அதே நாங்கள், ‘ஆலையை மூடப் போகிறார்களாம்’ என்ற சொல் காதில் விழுந்தபோது என்ன கேட்டோம்? ஒன்றும் கேட்கவில்லை! கல்லுக்குப் பால் ஊட்டியவரைப் பார்த்துச் சிரித்த வாய், தன் சோற்றுக்கு ஆபத்து என்றதும் கேள்வி கேட்க மறந்தது. அச்சம் வரும்போதும் துணை நிற்பதுதானே அறிவு? அச்சமற்ற நேரத்தில் மட்டும் பேசுவது வெறும் அலங்காரம் அல்லவா?

எங்கள் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் எழுந்தது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் நீலமலையிலிருந்து இறங்கி வந்த பின்னர் ஆலைகள் அடுத்தடுத்து முளைத்தன. மானம் பார்த்த பூமியில் சோளமும் கம்பும் விதைத்து, மழைக்காக அண்ணாந்து பார்த்திருந்தவர்களின் பிள்ளைகள் ஆலைக்குள் நுழைந்தார்கள். எங்களுள் பலருக்குத் தந்தையும் ஆலைக்காரர். சிலருக்குத் தாத்தாவும் ஆலைக்காரர். ஊருக்கு நேரம் சொன்னது ஆலைச் சங்கு. பெண் கேட்கப் போனால், ‘மில்லிலே பெர்மனன்ட்’ என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு. மளிகைக் கடையில் கடன் கொடுத்தது எங்கள் முகத்துக்கு அன்று, மாதச் சம்பளத்துக்கு. அந்தச் சங்கு நின்றுவிடும் என்றால், நின்று போவது சங்கு மட்டுமா?

அதற்கு முந்திய ஆண்டு, 1996-இல், சென்னையில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை மூடப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட ஆலை அது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறப்பதற்குக் காரணமான ஆலை. திரு.வி.க.வும் வாடியாவும் செல்வபதியாரும் தொழிலாளர் நடுவே நின்று பேசிய வரலாற்றை உடையது. அத்தகைய ஆலைக்கே பூட்டு என்றால், நாங்கள் எம்மாத்திரம்? பம்பாயிலோ, 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் பல மீண்டும் எழவேயில்லை. இவையெல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தன. தெரிந்ததைக் கொண்டு சிந்திக்கத்தான் தெரியவில்லை.

மறுநாள் முதல் ஆலைக்குள் ஆளாளுக்கு ஓர் ஆரூடம்! கிடங்கில் பஞ்சுப் பேல்கள் குறைந்தால், ‘பார்த்தாயா, பஞ்சு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்’ என்றோம். லாரியில் பேல்கள் வந்து இறங்கினால், ‘விற்பதற்கு முன் கணக்குக் காட்டுகிறார்கள்’ என்றோம். ரிங் பிரேமுக்குப் புதிய உதிரிப் பொருள் வாராவிட்டாலும் அச்சம், வந்தாலும் ஐயம். இரண்டு பேர் வந்து மதிலோரம் சங்கிலி பிடித்து அளந்தார்கள் என்றவுடன், நிலத்தை விற்றாயிற்று என்று முடிவே கட்டிவிட்டோம். அவர்கள் மழைநீர்க் கால்வாய்க்கு அளந்தவர்கள் என்பது பிறகு தெரிந்தது. தெரிந்த பின்னும் நம்பவில்லை! எதைக் கண்டாலும் அதையே சான்றாக்கிக்கொள்ளும் மனம், சோதிடரின் மனம் அன்றி வேறென்ன?

மக்கள் பலவிதம், அச்சமும் பலவிதம். ஒருவர், ‘இருபது ஆண்டாக இதைத்தான் கேட்கிறேன், மூடவும் மாட்டார்கள் ஒன்றும் மாட்டார்கள்’ என்று வெற்றிலையைத் துப்பினார். அவருக்குத்தான் இரவெல்லாம் உறக்கமில்லை என்று அவர் துணைவியார் பிறகு சொன்னார். ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி அப்போதுதான் வீட்டுக்கு மேல்தளம் போட்டிருந்தார். ஈரம் காயாத சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே நிற்பார். இளைஞர் ஒருவர் ஓசையின்றி ஓட்டுநர் உரிமம் எடுத்து வந்தார். அதை எங்களிடம் காட்டாமல் மறைத்தார். நாங்கள் அதைக் கண்டுபிடித்து, ஏதோ துரோகம் செய்துவிட்டவரைப் போல அவரை ஒரு வாரம் பேசாமல் வைத்தோம். எங்களுள் தெளிவாகச் செயல்பட்டவர் அவர் ஒருவர்தாம் என்பது இன்று விளங்குகிறது.

ரீலிங் பெண்கள் வேறுவிதம். அவர்கள் பேச்சைக் குறைத்தார்கள், செலவைக் குறைத்தார்கள். சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்த அம்மையார், எடுத்தவர் எவர், எடுக்காதவர் எவர் என்று கணக்கைத் தீர்த்து, புதிய சீட்டைத் தொடங்கவில்லை. எவரும் அவரிடம் அதற்குக் காரணம் கேட்கவில்லை.

சோதிடரிடம் போனவர்களும் உண்டு. ஒருவர் இருவரல்லர், ஒரு வேன் பிடித்துப் போனார்கள்! ஆலை முதலாளியின் பிறந்த நாள் எவருக்கும் தெரியாது. ஆகவே ஆலைக்குச் சாதகம் பார்த்தார்களாம். ‘சனி விலகினால் சரியாகும்’ என்று விடை வந்தது. சனி ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போக இரண்டரை ஆண்டு என்பது அவர்கள் கணக்கு. எங்கள் தீபாவளி போனசிலிருந்து ஒரு பங்கு அந்தத் திண்ணையில் தங்கிவிட்டது.

ஆனால் ஒன்று கேட்கிறோம், தோழர்களே! சோதிடரிடம் போனவரைப் பார்த்து நகைத்த நாங்கள் எங்கே போனோம்? கம்பெனி ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் தன் வரவுசெலவுக் கணக்கையும் ஐந்தொகையையும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் செலுத்தி எவரும் அதைப் பார்வையிடலாம் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. வங்கிக்கு எவ்வளவு கடன், நிலத்தின் மீது என்ன அடமானம், எத்தனை ஆண்டாக நட்டம், எல்லாம் அங்கே எழுத்தில் இருந்தது. பிராவிடன்ட் பண்டு பணத்தை ஆலை ஒழுங்காகக் கட்டுகிறதா என்பதை உரிய அலுவலகத்தில் விசாரித்திருக்கலாம். ஒரு பஞ்சுப் பேல் 170 கிலோ. நாளொன்றுக்கு எத்தனை பேல் உள்ளே போகிறது, எத்தனை கிலோ நூல் வெளியே வருகிறது, கழிவு எவ்வளவு என்பதை எங்களைவிட அறிந்தவர் எவர்? ஆலையின் உடல்நிலையை நாடி பிடித்துச் சொல்ல எங்கள் கைகளே போதும். அந்தக் கைகளைக் கட்டிக்கொண்டு, அலுவலக அறை வாயிலில் நின்று, கணக்கர் முகத்தின் சுளிப்புக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தோம். அவர்கள் பார்த்தது கோளை. நாங்கள் பார்த்தது முகத்தை. வேறுபாடு அவ்வளவுதான்!

மூன்று சங்கங்கள் இருந்தன ஆலையில். மூன்றும் ஒன்றையொன்று நம்பவில்லை. ‘அவர்கள்தாம் பேசி முடித்துவிட்டார்கள்’ என்று ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் சொல்லிற்று. ஒரே மேசையில் மூன்று சங்கமும் உட்கார்ந்து, ‘கணக்கைக் காட்டுங்கள்’ என்று ஒரே குரலில் கேட்டிருந்தால்? கேட்கவில்லை. மாறாக, எங்களுள் சிலர் தனித்தனியே, இருட்டிய பின், மேலாளர் வீட்டுக்குப் போய் வரத் தொடங்கினோம். ‘என்னை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்’ என்பதுதான் அத்தனை பேரின் விண்ணப்பமும். அத்தனை பேருக்கும் ஒரே விடைதான் கிடைத்தது: ‘உனக்கென்னப்பா, நீ நல்ல வேலைக்காரன்.’ வாயில் ஒன்று, வருவோர் பலர், விடை ஒன்று! அந்த விடையைப் பெற்று வந்தவன் அடுத்தவனைப் பார்த்த பார்வையிலேயே ஆலை பாதி மூடப்பட்டுவிட்டது.

இப்பொழுது, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்.

நூற்பாலையைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஆலையில் நிலையான தொழிலாளி உண்டு. பதிலித் தொழிலாளி உண்டு. பதிலி என்பவர் ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் வாயிலில் வந்து நிற்க வேண்டும். நிலையான தொழிலாளி எவரேனும் வரவில்லையென்றால், அந்த இடத்துக்கு அன்றைக்கு மட்டும் உள்ளே அழைக்கப்படுவார். எல்லாரும் வந்துவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் உழைத்துவிட்டால் தொடர்பணிக்கான உரிமைகள் பிறக்கும் என்று சட்டம் சொல்வதால், அந்த எண்ணை எட்டுவதற்கு முன்பே பலரைச் சில வாரங்கள் நிறுத்திவைப்பது வழக்கம். நாங்கள் செய்யும் அதே வேலை, அதே பஞ்சுத் தூசி, அதே இருமல். உரிமை மட்டும் வேறு. எங்கள் ஆலையில் 200 பேருக்குச் சற்று மேல் நிலையானவர்கள். பதிலிகள் 60 பேருக்குக் குறையாது.

நவம்பரில் ஒரு புதிய ‘ஆம்’ வந்தது. ‘ஆலையில் ஆள் மிகுதியாம். சுமை குறைந்தால் ஆலை பிழைக்குமாம். பதிலிகளை நிறுத்திவிட்டால் நிலையானவர்களுக்கு ஆபத்து இல்லையாம்.’ இது எங்கிருந்து புறப்பட்டது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மேலாளர் அறைக்குத்தான் தடம் போயிருக்கும். ஆனால், கேட்க விருப்பமில்லை. விரும்பிய செய்திக்கு எவரே சான்று கேட்பர்?

மேஸ்திரி ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். ‘ஆலையின் நலன் கருதி, பதிலிகளுக்கு வேலை அளிப்பதை நிறுத்திவைப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை’ என்பது அதன் சாரம். அடியில் கையெழுத்து வேண்டும்.

ரிங் பிரேமில் எங்களோடு ஆறு ஆண்டாக வந்து போய்க்கொண்டிருந்த ஒரு பதிலித் தோழர் இருந்தார். நூல் ஒட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்களே. எங்களுள் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், ‘அண்ணா, நீங்க படுங்க, சைடை நான் பார்த்துக்கறேனுங்க’ என்பார். எங்கள் வீட்டுத் திருமணங்களில் பந்தி பரிமாறியவர். அந்தத் தாள் கைமாறிக்கொண்டிருந்த இரவு, அவர் அடுத்த பிரேமில்தான் நின்றார். இயந்திர இரைச்சலில் பேச்சுக் கேட்காது. ஆனால், தாள் கண்ணுக்குத் தெரியும். அவர் பார்த்தார். நாங்கள் பார்க்காதவரைப் போல் இருந்தோம்.

தாள் ரீலிங்குக்குப் போனபோது, சீட்டுப் பிடித்த அந்த அம்மையார் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பின்பு மேஸ்திரியிடம் சொன்னார்: “ஏனுங்க, இவங்களை இறக்கிவிட்டதுக்கு அப்புறம் அடுத்த தாள் வருமில்லீங்க? அதிலே எங்க பேர்தானுங்களே இருக்கும்?” மேஸ்திரியிடம் விடை இல்லை. அம்மையார் கையெழுத்திடவில்லை, இன்னும் இரண்டு பெண்களும் இடவில்லை. பள்ளிக்கூடம் முடித்த நாங்கள், சங்கக் கூட்டங்களில் மணிக்கணக்கில் பேசிய நாங்கள், கையெழுத்திட்டோம். ஒருவர் பின் ஒருவராக இட்டோம். ‘எல்லாரும் இட்டிருக்கிறார்கள்’ என்று முதல் கையெழுத்தைத் தவிர மற்ற ஒவ்வொரு கையெழுத்துக்கும் காரணம் சொல்ல முடிந்தது. முதலில் இட்டது யார்? இன்றுவரை எவரும் சொன்னதில்லை. ‘நாங்கள்’ என்ற சொல் ஒரு கோட்டையாக இருக்கலாம். ஒளிந்துகொள்ளும் புதராகவும் இருக்கலாம். அன்று நாங்கள் அதைப் புதராக்கினோம்.

டிசம்பர் முதல் நாளில் பதிலிகள் வாயிலில் நின்றார்கள். அழைப்பு இல்லை. ஒரு வாரம் வந்தார்கள். பிறகு வரவில்லை.

அடுத்து நடந்ததை இன்று திரும்பிப் பார்த்தால், அது ஓர் எண்கணக்குத்தான். தொழில் தகராறுச் சட்டத்தில் 1976-இல் ஒரு திருத்தம் வந்தது. 300 பேரோ அதற்கு மேலோ உழைக்கும் ஆலையை அரசின் முன் அனுமதியின்றி மூடக் கூடாது என்றது. 1982-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எண்ணை 100 ஆகக் குறைத்தது. பாதுகாப்பின் எல்லை விரிந்தது. முந்திய பன்னிரண்டு மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரி 100 பேர் உழைத்திருந்தால், மூடுவதற்கு 90 நாள் முன்பே காரணம் எழுதி அரசுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன் படியைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் கொடுக்க வேண்டும். அரசு இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். எண் 100-க்குக் கீழே இறங்கிவிட்டாலோ, அனுமதி தேவையில்லை. 60 நாள் அறிவிப்புப் போதும்!

எங்களைக் காத்தது முதலாளியின் இரக்கமன்று, எங்கள் திறமையன்று, எங்கள் எண். தலைக்குத் தலை எண்ணினால் வரும் அந்த எண்தான் எங்கள் மதில். அந்த மதிலிலிருந்து முதல் அறுபது கற்களைப் பெயர்த்தெடுத்துக் கொடுத்தவர்கள் நாங்களே.

1998 பொங்கலுக்குப் பின் ‘விருப்ப ஓய்வு’த் திட்டம் வந்தது. பெயரில் விருப்பம் இருந்தது. கையெழுத்திட்டவர் முகத்தில் இல்லை. பதிலிகள் இல்லாததால், எவரேனும் விடுப்பு எடுத்தால் எஞ்சியவர் இரட்டைச் சுமை சுமந்தோம். களைத்தவர் ஓய்வுத் தாளில் கையெழுத்திட்டார். மகள் திருமணத்துக்குப் பணம் வேண்டியவர் கையெழுத்திட்டார். மேல்தளம் கட்டியவர், கடனை அடைக்கக் கையெழுத்திட்டார். அம்மையார் சொன்னது போலவே, ரீலிங் பகுதி முழுவதும் வெளி ஒப்பந்தத்துக்குப் போயிற்று. பெண்கள் அனைவரும் வீடு சென்றனர். ஆண்டு முடிவதற்குள் நாங்கள் 90 பேருக்கும் குறைவு. அதன் பின் ஓராண்டுக்கு மேல் ஆலை அரைகுறையாக ஓடியது. எதற்காக அந்த ஓராண்டு என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. சராசரி இறங்குவதற்காகத்தான்!

2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையில் 60 நாள் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இம்முறை ‘ஆம்’ இல்லை. ‘மூடப்படுகிறது’ என்று முற்றுப்புள்ளியோடு இருந்தது. தொழிலாளர் துறைக்கு ஓடினோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, “மொத்தம் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?” என்றார். சொன்னோம். “முன்பு?” என்றார். சொன்னோம். அவர் எதுவும் பேசவில்லை. அந்த அமைதியில் எங்கள் கையெழுத்துகள் ஒவ்வொன்றும் எங்களைத் திரும்பிப் பார்த்தன.

இழப்பீடு கிடைத்தது. முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். 22 ஆண்டு உழைத்தவருக்கு 330 நாள் சம்பளம், ஓராண்டுக்கும் குறைவு! 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படியான பணிக்கொடை தவணை தவணையாக வந்தது. பதிலிகளுக்கு? வருகைப் பதிவேட்டில் இடைவெளிகளே மிகுதி என்பதால், பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை.

பல ஆண்டுக்குப் பின், எங்களுள் ஒருவர் வேலை தேடித் திருப்பூருக்குப் போனார். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு வேலை கொடுப்பார் யார்? ஒரு பனியன் கம்பெனியில் ஆளெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர், எங்கள் பழைய பதிலித் தோழர்! இவர் திரும்பிவிட எண்ணினார். அவரோ எழுந்து வந்து, “வாங்கண்ணா” என்று உட்கார வைத்தார். பண்டல் கட்டும் பகுதியில் வேலையும் கொடுத்தார். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, சம்பள உறையைக் கையில் கொடுத்தபோது மட்டும் சொன்னாராம்: “அண்ணா, அன்னைக்குத் தாளை மறைச்சீங்க. எங்ககிட்டயே கேட்டிருக்கலாமுங்க. அறுபது பேரும் உங்களோட நின்னிருப்போம்.”

அதை எங்களிடம் வந்து சொன்னவர் அழவில்லை. கேட்ட நாங்களும் அழவில்லை. அழுதால் தீர்ந்துவிடும் கணக்கன்று அது.

இதைப் படிக்கும் இளந்தோழர்கள், ‘பழைய ஆலைக் கதை’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலையைக் குறிப்பிட்டோம். அங்கே 1921-இல் நடந்த வேலைநிறுத்தம் எப்படி உடைந்தது? தொழிலாளர் நடுவே சாதிப் பிளவு புகுந்தது. புளியந்தோப்பில் உழைப்பாளியின் குடிசையை உழைப்பாளியே கொளுத்தினான். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் வேலைநிறுத்தம் தோற்றது. அன்று பிளந்தது சாதி. எங்களைப் பிளந்தது ‘நிலையானவர்’ என்ற பட்டம். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் முழங்கிய எங்களுள் பலர், வருகைப் பதிவேட்டால் உயர்வு தாழ்வு உண்டு என்று நம்பிவிட்டோம். வருணம் பல வேடத்தில் வரும், தோழர்களே! சில நேரம் அது அடையாள அட்டையின் நிறமாக வரும்.

இன்று பதிலி என்ற சொல் அருகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர், தற்காலிகப் பணியாளர் என்று பெயர்கள் பெருகிவிட்டன. 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. அதன்படி, மூடுவதற்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி, 300 பேரும் அதற்கு மேலும் உள்ள ஆலைகளுக்கே பொருந்தும். 100 என்பது 300 ஆகிவிட்டது. மதில் உயர்ந்துவிட்டது என்று மகிழாதீர்கள். மதிலுக்கு வெளியே நிற்பவர் தொகை உயர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். இந்நிலையில், ‘அவர்கள் வேறு, நாம் வேறு’ என்று ஒரே கூரைக்குள் பிரிந்து நிற்பவர்கள் எதைக் கொண்டு தங்களைக் காத்துக்கொள்ளப் போகிறார்கள்?

ஆலைகள் என்றென்றும் நிற்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. இயந்திரம் பழையதாகும், பஞ்சு விலை ஏறும், நூல் விலை இறங்கும், தொழில் இடம் மாறும். ஒன்றாக நின்றிருந்தாலும் எங்கள் ஆலை ஒருநாள் மூடப்பட்டிருக்கலாம். ஆனால், கணக்கைக் காட்டி, காரணத்தைச் சொல்லி, அரசின் முன் எங்களையும் உட்கார வைத்துக் கேட்ட பிறகு மூடப்பட்டிருக்கும். அறுபது பேர் வெறுங்கையோடு வாயிலில் ஒரு வாரம் நின்றிருக்க மாட்டார்கள். எங்கள் முகத்தை நாங்களே கண்ணாடியில் பார்க்கத் தயங்க வேண்டியிருக்காது.

உங்கள் ஆலையிலும், அலுவலகத்திலும், ஒருநாள் தேநீர் வேளையில் அந்தச் சொல் வரக்கூடும். ‘மூடப் போகிறார்களாம்’ என்று எவரேனும் சொல்வார். அப்போது முதலில், ‘யார் சொன்னது? எந்த ஏட்டில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். மேலாளரின் வீட்டுக்குத் தனியே போகாதீர்கள். கணக்கைக் கேட்க ஒன்றாகப் போங்கள். போகும்முன், உங்களுள் மிகக் குறைந்த கூலி வாங்குபவரும், நேற்று வந்து சேர்ந்தவரும், பதிவேட்டில் பெயரே இல்லாதவரும் உங்களோடு வருகிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால், நின்று அழைத்துக்கொண்டு போங்கள்.

நாங்கள் கேட்க வேண்டிய இடத்தில் ‘ஆம்’ என்ற செய்தியை நம்பினோம். மறுக்க வேண்டிய இடத்தில் ‘ஆம்’ என்று கையெழுத்திட்டோம். இரண்டு ‘ஆம்’ சேர்ந்து எங்கள் ஆலைக்குப் பூட்டுப் போட்டன. ‘மாட்டேன்’ என்று சொன்ன மூன்று பெண்களின் சொல், இன்றும் எங்கள் காதில் ஆலைச் சங்காக ஒலிக்கிறது. அது உங்கள் காதிலும் விழட்டும்.